கைதட்டாத மனிதர்

"இப்படி நெருப்பை மூட்டி வெச்சா கறி வேகுமா, கருகுமா?" மேஜையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்றே எவாரிஸ்தோ சத்தமாகக் கேட்டார்.

"வந்த இடத்துல சும்மா இருங்களேன்!" நேலிதா கணவரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மெந்தோசா ஊரில், பனிமலை அடிவாரத்து ஒயின் தோட்டம் அது. சனி, ஞாயிறு தங்கிப் போக வந்த குடும்பங்கள் திராட்சைப் பந்தலடியில் ஒரே நீள மேஜையில் உட்கார்ந்திருந்தன. பத்தடி தள்ளி, கறி வாட்டும் கம்பியடுப்பின் முன்னால் முகமெல்லாம் வியர்வையாக ஓர் இளம்பெண்.

தோட்டத்து முதலாளி ஹெனாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இன்னிக்கு அடுப்புல புதுப் பொண்ணு, ரொமினா. சாப்பிட்டு முடிச்சதும் வாட்டினவங்களுக்குக் கைதட்டுறது நம்ம வழக்கமாச்சே. மேஜையில இருக்கறவங்க கைதட்டினா வேலை அவளுக்கு. இல்லேன்னா பழைய ஆளையே கூப்பிட்டுக்குவேன்."

"பொம்பளை கையில நெருப்பா?" என்று உதட்டைப் பிதுக்கினாள் எதிரில் இருந்த அமாலியா. காலையிலிருந்து யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதே அந்த அம்மாளுக்கு வேலை.

விலாக்கறி வந்தது. எவாரிஸ்தோ ஒரு வாய் மென்றார். "உப்பு பத்தல."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றாள் அமாலியா.

"செருப்புத் தோலாட்டம் இருக்கும்மா!"

"வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுது! உங்க பல்லுலதான் கோளாறு."

மேஜையே சிரித்தது. நேலிதா தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. மனுஷன் விடுவதாகவும் இல்லை.

"பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? வெங்காயம் நறுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அமாலியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"முப்பது வருஷமா என் புருஷன் வாட்டினதைத் தின்னுருக்கேன். இவ கால்தூசிக்கு ஆகமாட்டார் அவர்! எல்லாரும் தட்டுங்கய்யா!"

தட்டினார்கள் பாருங்கள், பந்தலே அதிர்ந்தது. அமாலியாவின் புருஷன்தான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார். ஹெனாரோ ரொமினாவிடம் வந்து, "திங்கட்கிழமை சீக்கிரமா வந்துடு," என்றார்.

எவாரிஸ்தோ மட்டும் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு, பனிமலையைப் பார்த்தபடி இருந்தார். "கல்நெஞ்சக்காரன்!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நேலிதா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர்கள் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, உடம்பெல்லாம் புகை வாசனையோடு ரொமினா ஓடிவந்து எவாரிஸ்தோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"வீட்டு ஆளுங்க தட்டினா அது கணக்குல சேராது, தட்டாதீங்கன்னுதானேப்பா சொன்னேன்? திட்டச் சொன்னேனா?"

"நான் புகழ்ந்திருந்தா அந்தம்மா உன்னைக் கிழிச்சிருக்கும்டி, ராசாத்தி! மத்தியானத்துலேர்ந்து கை ரெண்டும் துறுதுறுங்குது... இப்பவாவது அப்பா தட்டிக்கட்டுமா?"