எட்டு மணிக் கதவு

ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் கார் ஷெட்டின் தானியங்கிக் கதவு அசையவே இல்லை.

"பாத்தியா? ஒரு வாரமா காலைல எட்டு மணியானா இதே கூத்துதான். உன்னை மாதிரி அரைகுறையெல்லாம் ரிப்பேர் பண்ண வந்தா இப்படித்தான் இருக்கும்!" என்று மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார் கணவர்.

"இன்னைக்கும் பஸ்ல போங்களேன். குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

மெக்கானிக் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியை உற்றுப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மோட்டார் போயிடுச்சு சார். இன்னும் ஒரு வாரம் ஆகும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். தெருமுனையில் அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் கேட்டான்: "அக்கா, ரிமோட் வேலை செய்யாம இருக்க இந்த லாக் பட்டனை அழுத்தி வெச்சது நீங்கதானே?"

"ஆமா தம்பி. இது என் சம்பளத்துல வாங்கின கார். ஏழு வருஷமா அவரே ஓட்டிக்கிட்டு, 'பஸ்ல போனா குறைஞ்சா போயிடுவே?'ன்னு என்னை விரட்டினாரு."

அவள் லாக்கை எடுத்துவிட்டாள். கதவு வழுக்கிக்கொண்டு மேலே போனது. கைப்பையிலிருந்து மாற்றுச் சாவி வெளியே வந்தது.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"சார் சொன்னது சரிதான் அக்கா, நான் அரைகுறைதான். ஒரு மாசம் ஆகும்னு சொல்லியிருக்கணும்!"