நம்பிக்கை இல்லை என்று சொல்ல வந்தவள்

ஞாயிறு மாலை நாலரை மணி. வேதபாடத்துக்கு வந்த ஒன்பது கல்லூரி மாணவர்கள் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாய்ந்த வெயில் கிதாரின் மேல் விழுகிறது. தன் அப்பா இறந்த பிறகு இரண்டு மாதமாக வராத நர்சிங் மாணவி, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். "அண்ணா, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எனக்கு இப்ப ஜெபம் வரல. நம்பிக்கையும் போயிடுச்சு." மாணவர் ஊழியத்தில் பதினோரு வருடம் இருக்கும் நான் அவசரமாகப் பைபிளைப் புரட்டுகிறேன். பொருத்தமான வசனத்தைத் தேடி விரல் ஓடுகிறது. அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி வருகிறாள். பல் முளைக்கும் வலியில் சிணுங்கும் எங்கள் மகள் அவள் இடுப்பில். "ஜெபம் வரலன்னா விடும்மா, உனக்கும் சேர்த்து நாங்க பண்றோம். இவளக் கொஞ்சம் புடி, எனக்குக் கை ஒழியல," என்று குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். குழந்தை புது முகத்தை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, அவள் தோளில் வாயை வைத்துக் கடிக்கிறது. அவள் செருப்பைக் கழற்றுகிறாள். சுவரோரம் உட்காருகிறாள். பாட்டு தொடங்குகிறது, அவள் பாடவில்லை, அழுகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பைபிளை மடியில் மூடி வைக்கிறேன். பாட்டு முடிந்ததும் கதவருகே வந்து நிற்கும் என் மனைவியிடம் அவள் மெல்லக் கேட்கிறாள்: "அக்கா, இப்படியே அடுத்த வாரமும் வரலாமா?"

"வரலாமாவா? ஒரு மணி நேரம் முன்னாடியே வா. வெங்காயம் நறுக்க ஆள் இல்லாம தவிக்கிறேன்."