எண்ணூற்று மூன்று முறை

மார்ச் ஒன்பதாம் தேதி ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, ஊர்க் கிளை நூலகத்தின் வாசிப்பு அறையில், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்குச் 'சிறந்த வாசகர்' சான்றிதழ் வழங்கப்பட்டது. அந்த ஊரில் பிறந்த பெண் எழுத்தாளர் இறந்து ஓராண்டு ஆனதை ஒட்டி நடந்த கூட்டம் அது.

"அம்மையார் எழுதினது ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதுல நம்மகிட்ட இருக்கறதும் ஒரே ஒரு பிரதி," என்றார் நூலகர் மைக்கில். "முப்பத்தொரு வருஷத்துல சார் அதை எண்ணூத்தி மூணு தடவை எடுத்துட்டுப் போயிருக்கார். பதிவேட்டுல வேற ஒருத்தர் பேர்கூடக் கிடையாது."

கைதட்டினார்கள். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார் போல," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

"பேச என்னம்மா இருக்கு? எடுத்தேன், குடுத்தேன்," என்றார் கடிகாரக்காரர். நின்றதில் முட்டி கடுத்தது. அவர் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை தட்டினார்கள்.

அவர் அந்தப் புத்தகத்தைப் படித்தது ஒரே ஒரு முறைதான். வெளிவந்த புதிதில், கடையில் உட்கார்ந்து, யாருடைய அலாரம் கடிகாரத்தையோ பிரித்துப் போட்டுவிட்டுப் படித்தார். அதில் ஒரு கதை. இடது கையால் தைக்கிற ஒரு பெண், தகரப் பெட்டியோடு ரயில் நிலையத்தில் ஒருவனுக்காகப் பகல் முழுக்கக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பன்னிரண்டு வயதுத் தம்பி வந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, அவளை வீட்டுக்கு அழைத்துப்போகிறான்.

அந்தத் தம்பி அவர்தான். இடது கையால் தைப்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான்: அவருடைய அக்கா, பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த நாளைப் பற்றி அக்காவும் தம்பியும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுத்தாளர் ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். குடியிருப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார்.

ஊர் வாயில் அக்கா விழுந்துவிடக் கூடாது. புத்தகத்தைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னால் நூலகத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே பதினான்கு நாளைக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டி, முத்திரை குத்தி வாங்கி, சூட்டோடு சூடாகத் திரும்ப எடுத்துவந்து கடை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மழையில் போனார், காய்ச்சலில் போனார், மகள் கல்யாணத்தன்று விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அந்த நூலகத்தில் அநேகமாக எல்லாவற்றையும் படித்து முடித்தவள். இந்த ஒன்றை மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ நல்ல காலம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு சந்தோஷமான சேதி," என்றார் நூலகர். "சார் ஒருத்தரே வச்சுக்கிட்டிருந்தா மத்தவங்க எப்பதான் படிக்கறது? அதனால மறுபதிப்பு போட்டிருக்கோம். வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு."

ஓரமாக இருந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார்கள். கடிகாரக்காரர் சான்றிதழை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். மூன்றாவது வரிசைக்கு அவர் வந்து சேர்வதற்குள் அக்காவின் மடியில் ஒரு பிரதி இருந்தது.

"அக்கா, அதை இப்படிக் குடு. கண் ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள்கூட ஆகலை."

"எழுத்தெல்லாம் பெருசாத்தான் போட்டிருக்காங்க. நீ முதல்ல உக்காரு, மூச்சு வாங்குது உனக்கு."

"சொன்னாக் கேளு. அதுல ஒரு கதை இருக்கு. அது உனக்கு வேண்டாம்."

அக்கா புத்தகத்தை மூடினாள். தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்காகவாடா எண்ணூத்தி மூணு தடவை?"

பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேற என்ன பண்ணச் சொல்றே? அந்தப் பொம்பளை ஜன்னல்ல நின்னு பாத்ததையெல்லாம் எழுதி வச்சுட்டா. நாலு பேர் படிச்சா உன்னை என்ன பேசுவாங்க?"

"ஜன்னலாவது ஒண்ணாவது. நான் சொல்லித்தான் அவ எழுதினா."

முன்வரிசைகளில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"நீயா? எதுக்கு அக்கா?"

"என் வாயால சொல்ல முடியலை. யாராவது படிச்சுட்டு வந்து, அது நீதானேன்னு கேட்டா, ஆமான்னு சொல்லிடலாம்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கலைடா."