சின்னையா மகள் ஓடிப்போனாள்

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா. எங்கேயாச்சும் போய் வேலை செஞ்சு பொழைச்சுக்கிறேன்...”

பவுனம்மாள் சொல்லி முடிக்கவில்லை. கன்னத்தில் அறை விழுந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் லைன் வீடுகளில் இருந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தாயில்லாத பெண்ணைச் சின்னையா கைநீட்டி அடித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பலகையில் உட்கார்ந்திருந்த மண்டோர் தம்புசாமி வெற்றிலையை மென்றபடி, “விடு சின்னையா. சின்னப் பொண்ணுதானே, போகப்போக சரியாயிடும். தை மாசத்துல முடிச்சிடுவோம்” என்றார்.

“நீங்க சொன்னா சரிங்க.”

தண்டவாளக் கூலிகளுக்கு, அவர்களை வேலை வாங்கும் மண்டோர்தான் எல்லாம். அவர் முகம் சுளித்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லைன் வீடும் போகும். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. மாப்பிள்ளையாக வரப்போகிற மண்டோருக்கு ஐம்பது வயது. இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். இரண்டாமவள் அடி தாங்காமல்தான் செத்தாள் என்று லைனில் பேச்சு.

பவுனம்மாளுக்குப் பதினேழு. இஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டுகிற சாம்பலைக் கிளறி, எரியாமல் கிடக்கும் கரியைப் பொறுக்கி வந்துதான் அப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சமைக்க அவள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பொறுக்கும்போதே வடக்கே போகிற ரயில்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். நாமும் ஒரு நாள் அப்படிப் போய்விட வேண்டும். எங்கே என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மண்டோர் கிளம்பிப் போனதும் அப்பாவிடம் சொன்னாள்.

“அம்மா இருந்திருந்தா என்னை இப்படி வித்திருக்காது.”

சின்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கள்ளுக்கடைக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழாயடியில், அடுத்த லைனில் இருக்கும் டொரத்தி அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“பினாங்கு ஆஸ்பத்திரியில என் தங்கச்சி ஆயாவா இருக்கா. அங்க ஆள் வேணுமாம். வெள்ளிக்கிழமை காலையில நான் ரவாங்குக்குப் போறேன். நீயும் கரி பொறுக்கப் போற மாதிரி ஸ்டேஷனுக்கு வந்துடு. டிக்கெட்டை நான் பாத்துக்கிறேன். பினாங்குக்குப் படகு ஏறுற பிறை ஸ்டேஷன்ல என் தங்கச்சி வந்து கூட்டிக்குவா.”

வெள்ளிக்கிழமை வந்தாள். தம்பிகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் எழுந்து அழுவார்கள் என்று தொடாமலே வந்துவிட்டாள்.

செகாம்புட் ஸ்டேஷனைத் தாண்டும்போது, ரயிலுக்கு வழிவிட்டுக் கூலிகள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அப்பாவும் நின்றார். பக்கத்தில் மண்டோர். பவுனம்மாள் சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மெல்ல நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா மண்டோரை மறுபக்கம் திருப்பி, பள்ளத்தில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லவேளை, அப்பா பாக்கலைக்கா.”

டொரத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரவாங் வந்தது. டொரத்தி இறங்கினாள். பவுனம்மாள் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்தவருக்கு இல்லாத மனசு உங்களுக்கு இருக்குக்கா. சாகிற வரைக்கும் அந்த மனுஷன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

கார்டு விசில் ஊதினார். டொரத்தி கையை விடவில்லை.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு பவுனு. ஆனா இந்தப் பேச்சைக் கேட்டுட்டு எப்படி சும்மா இருக்கிறது? உன்னை அறைஞ்ச அன்னைக்கு நேரா என் வீட்டுக்கு வந்து, உன்னை எப்படியாவது அனுப்பிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டது உங்கப்பாதான்.”

வண்டி நகர்ந்தது. டொரத்தி கூடவே நடந்தாள்.

“இன்னைக்கு லைனே கூடி உன்னைத் திட்டும். எல்லாரையும் விட உங்கப்பாதான் சத்தமாத் திட்டுவாரு. அப்பத்தான் உன் தம்பிங்க அந்த வீட்டுல இருக்க முடியும்.”