தூசு படாதவர்கள்

வானூர்ப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷர். அதன் எதிரே டீக்கடை வாசலில், அங்கே வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களை மருத்துவக் குழு ஒன்றின் நுரையீரல் ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தாள் கலைப்பிரியா. வரிசையில் உள்ளூர்க்காரர் சக்கரபாணியும் நின்றார்.

"ஐயா, இது இந்திக்காரங்களுக்குங்க."

"எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தா தேவலாம்மா. மூணு மாசமா ஆஸ்பத்திரிக்கு நடந்துகினு கீறேன், மெஷினு ரிப்பேராம்."

"ஒப்பிட்டுப் பாக்க உள்ளூர்லயும் நாப்பது பேரு வேணும். அவங்களுக்கும் எக்ஸ்ரே உண்டு. ஆனா கல்லுத் தூசுல வேலை செஞ்சிருக்கக் கூடாது. நீங்க எப்படி?"

தொண்டைக்கு வந்த இருமலை சக்கரபாணி விழுங்கினார்.

"கல்லா? நான் நெலத்துல மல்லாட்டைப் பயிரு போடறவம்மா."

"அப்ப கையெழுத்துப் போடுங்க. உங்கள மாதிரி இன்னும் ஆளு கெடைக்குமா?"

"எங்க தெருவுலயே முப்பத்தொம்பது பேரு கீறாங்க. ஜல்தியா இட்டாறேன்."

சொன்னபடியே கூட்டி வந்தார்.

எட்டு மாதம் கழித்து, முடிவைச் சொல்ல கலைப்பிரியா அவர் வீட்டுக்கு வந்தாள்.

"நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்குங்கய்யா. உங்க தெரு ஆளுங்க எல்லாருக்குமே அப்படித்தான். இந்திக்காரங்களுக்கும் அதே அளவுதான். தூசே படாத உங்களுக்கும் இருக்கறதால, தூசு காரணமில்லேன்னு எங்க டாக்டருங்க எழுதிட்டாங்க. தூசு அடங்க கிரஷர்ல தண்ணி தெளிக்கச் சொல்றதா இருந்தாங்க, அதையும் விட்டுட்டாங்க."

சக்கரபாணிக்கு இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அந்தக் கிரஷர்ல இருவது வருசம் ஜல்லி வாரினது நாங்க நாப்பது பேருதாம்மா. இருமுறோம்னு எங்களை நிறுத்திட்டுத்தான், அவங்களை ரயிலேத்திக் கொண்டாந்தாங்க."