நெற்றியில் ஒரு சிலுவை

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு, கோயிலுக்குப் புறப்படும் முன், ஜெசிந்தா அப்பா மிக்கேலின் எதிரே முழந்தாளிட்டாள். மணப்பெண்ணின் நெற்றியில் தகப்பன் சிலுவை வரைந்துதான் வழியனுப்ப வேண்டும். மிக்கேல் குடியை விட்டு ஏழு வருடமாகிறது. அதன்பின் பூசை தவறியதில்லை. வீட்டில் யார்மீதும் கை ஓங்கியதில்லை.

"ஸ்தோத்திரம்ப்பா" என்றாள்.

அவர் வலக்கையை உயர்த்தினார். சட்டென்று அவள் முழங்கை எழுந்து முகத்தை மறைத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பாவுக்கே இப்படி வெக்கப்பட்டா மாப்பிள்ளைக்கு என்னட்டி செய்வ?" என்றாள் மிக்கேலின் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெசிந்தா கையை இறக்கினாள். "ஒண்ணுமில்லப்பா. கை தானா வந்துட்டு. நீங்க போடுங்க."

முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன.

கடவுள் மன்னித்துவிட்டார் என்று, பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொல்ல எத்தனையோ முறை கேட்டவர் அவர். அந்தரத்தில் நின்ற கையை மெல்லத் தாழ்த்தினார். அவரும் அவள்முன் முழந்தாளிட்டு, உள்ளங்கையை மல்லாத்தி நீட்டினார்.

"இதை நீயே பிடிச்சு ஒன் நெத்தியில வைக்கிறியா, தாயி?"