சுகிர்தா சீட்டு

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறிக் குதிங்கப்பா! ம்... இன்னும் வேகமா!"

முதலாளி அன்புசெல்வன் குரல் கொடுக்க, பேக்கிங் பிரிவு ஆட்கள் இருவர் அந்த மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் தொம் தொம்மென்று குதித்தார்கள். வண்டிக்குச் சொந்தக்காரியான சுகிர்தா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். பழுப்புத் தோல் கொஞ்சம் அமுங்கியது, எழுந்தது. ஒரு தையல்கூட விடவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு சீட்டு தைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. தோல் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்து டிசைன் பிரிவில் சேர்ந்த சுகிர்தா, இதுவரை வெளியிலிருந்து வருகிற படத்தைப் பார்த்துத்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளே யோசித்து, அவளே வரைந்து தைத்த முதல் சீட்டு இது.

"போதும், இறங்குங்க. மனுஷன் குதிச்சு இது கிழியாது" என்று சிரித்தார் அன்புசெல்வன். குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த லீவரை இழுத்தார். பல் பல்லாக வெட்டிய இரும்புத் தாங்கியில் சீட்டு டக்கென்று இறங்கியது. மறுபடி இழுத்துத் தூக்கினார், ஏறி நின்றது. விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"ஸ்பேனர் வேணாம், மெக்கானிக் வேணாம். எப்படிம்மா தோணுச்சு?"

"எங்க ஊட்ல ஒரே வண்டி சார். காலைல நான் எடுத்தாருவேன். மத்தியானம் எங்க ஊட்டுக்காரரு கேட்டாண்ட வந்து வாங்கினு அவரு ஷிஃப்ட்டுக்குப் போவாரு. ஒரு நாளு எளாவூர் செக்போஸ்ட்டாண்ட, ரெண்டு லாரிக்கு நடுவுல வண்டி சாஞ்சிருச்சு. கால் ஊனலாம்னு பாத்தா தரை எட்டல. கர்த்தர் கிருபை, பின்னாடி லாரிக்காரன் பிரேக் அடிச்சிட்டான். அன்னிலேர்ந்து இதே நெனப்பு சார்."

"அடக் கடவுளே! உன் வீட்டுக்காரர் எங்க வேலை செய்யிறாரு?"

"ரோலிங் மில்லு சார். பழுத்த இரும்புக் கம்பிய இடுக்கியால புடிச்சு இழுக்கறவரு." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு மிதப்பு வந்தது. "அவரு உக்காந்தா தாங்கணுமில்ல? அதான் தோல மூணு மடிப்பு வெச்சுத் தெச்சேன்."

"அப்ப ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருப்பாரு!"

சுகிர்தா சிரித்தாள்.

"பிரமாதம்மா! சைக்கிளுக்கும் இதையே சின்னதா போட்டுரலாம். பேரு என்ன தெரியுமா? 'சுகிர்தா'. தோல்ல உன் பேரையே அச்சுக் குத்தி அனுப்பப் போறேன்."

பேர் வரப்போகிற இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். ஆரணிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ரேஷன் கார்டைத் தவிர வேறு எதிலும் அவர்கள் வீட்டுப் பேர் அச்சில் வந்ததில்லை.

"அப்புறம் ஒரு விஷயம்" என்றார் அன்புசெல்வன். "மேல் பல்லுகிட்ட 'ஜென்ட்ஸ்'னும் கீழ் பல்லுகிட்ட 'லேடீஸ்'னும் எழுதிடு. பார்த்ததும் ஜனங்களுக்குப் புரிஞ்சிரும்."

சுகிர்தாவின் சிரிப்பு நின்றது.

"அது வேணாம் சார். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கலாம்."

"நம்பர் போட்டா யாருக்கு என்ன புரியும்? புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வண்டிய ஓட்டுற வீடு எத்தனை இருக்கு! அந்த எழுத்துதாம்மா சீட்டை விக்கும்."

"வேணாம் சார்."

"ஏன், பொம்பளைங்கள இறக்கிப் பேசற மாதிரி இருக்கா?"

"எப்படி வேணா வெச்சுக்குங்க சார். அந்த ரெண்டு வார்த்தை இருந்தா அதுல என் பேரு வேணாம். டிசைன நீங்களே எடுத்துக்குங்க."

குதித்த ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்புசெல்வனின் முகம் சிவந்தது.

"இவ்ளோ வீம்பா? இப்படி ஒரு பேரு கிடைக்காதான்னு எத்தனை பேரு ஏங்கறான் தெரியுமா?"

"தெரியும் சார்." அவள் தலை குனியவில்லை.

ஷிஃப்ட் முடிகிற சங்கு ஊதியது. "அவரு வர்ற நேரம் சார்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் விரைந்து வந்தது.

"நில்லும்மா!" மூச்சு வாங்க வந்து நின்றார் அன்புசெல்வன். "நம்பரே போடு. உன் பேரும் இருக்கும். இப்படி ஒரு சீட்டை விட்டுட்டு ரோஷம் பார்க்க நான் முட்டாள் இல்ல. ஆனா ஏன் வேணாங்கறேன்னு மட்டும் சொல்லிடு."

அவள் வாயைத் திறப்பதற்குள், எதிரே வந்து நின்ற ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"இன்னா சுகி, ரொம்ப நேரமா நின்னுக்கினு இருக்கியா?"

சுகிர்தாவின் முகம் மலர்ந்தது. "தோ, எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரு சார். எபினேசரு" என்று அறிமுகப்படுத்திவிட்டு, குனிந்து லீவரை இழுத்தாள்.

சீட்டு கடைசிப் பல்லுக்கு இறங்கியது. அவள் தோளுயரமே இருந்த எபினேசர் முதலாளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏறி உட்கார, அவருடைய இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தப் பதிந்தன.